எங்கே பெரிய எழுத்து, எங்கே சின்ன எழுத்து?

வாசகர் கேள்விகள்: ஆங்கிலம் எழுதுவோம்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தின் பெரிய எழுத்தைப் பற்றியவை. வகுப்பில் ‘கேப்பிடல் லெட்டர்’ என்று சொல்லிச் சொல்லி நமக்குப் பழகிப்போனது அது. அரசுப் பள்ளியில் ஆங்கிலம் நடத்திய காலம் முழுவதும் என் சிவப்பு மை அதிகம் செலவானது, வேண்டாத இடத்தில் நிமிர்ந்து நின்ற பெரிய எழுத்துகளை வட்டமிடுவதில்தான். அதனால் இந்த இதழை முழுக்க இதற்கே ஒதுக்குகிறேன். எந்த எழுத்து பெரியது, எது சிறியது என்று எழுத்தின் பெயரைச் சொல்லியே விளக்குகிறேன். பக்கத்தில் தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு எழுதிப் பார்த்தபடி படியுங்கள்.

மாமனாருக்கு முதியோர் உதவித்தொகை நின்றுவிட்டது. மாவட்ட ஆட்சியருக்கு ஆங்கிலத்தில் மனு எழுதினேன். ‘ஃபாதர்-இன்-லா’, ‘பென்ஷன்’, ‘ஆஃபீஸ்’, ‘கலெக்டர்’ எல்லாவற்றிலும் முதல் எழுத்தைப் பெரிதாகப் போட்டேன். கல்லூரியில் படிக்கும் மகள் பாதியை அடித்துத் திருத்திவிட்டாள். மாமனாரைச் சின்ன எழுத்தில் எழுதினால் மரியாதைக் குறைவு ஆகாதா, டீச்சர்? (கரூர் வாசகி)

மகள் திருத்தியது சரி, அம்மா. ஆனால் உங்கள் மனம் ஏன் அப்படிப் போனது என்பது எனக்கு நன்றாகப் புரிகிறது. தமிழில் மரியாதையைக் காட்ட எத்தனையோ வழி இருக்கிறது. ‘வந்தான்’ என்பதை ‘வந்தார்’ ஆக்குகிறோம், பெயருக்குப் பின்னால் ‘அவர்கள்’ சேர்க்கிறோம், முன்னால் ‘திரு’ போடுகிறோம். ஆங்கிலத்தில் மாமனாரும் ‘ஹி’தான், மாடு மேய்க்கும் சிறுவனும் ‘ஹி’தான். மரியாதையை எங்கே வைப்பது என்று தேடும் நம் கை, கண்ணில் படுகிற பெரிய எழுத்தைப் பிடித்துக்கொள்கிறது. படிக்கிற ஆங்கிலக்காரருக்கோ அது மரியாதையாகப் போய்ச் சேர்வதில்லை. இந்தச் சொல் யாருடைய பெயரோ என்று ஒரு கணம் தடுக்கிறது, அவ்வளவுதான்.

எழுதும்போது மனத்தில் வைக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது ஒருவருடைய, ஒன்றினுடைய தனிப் பெயரா, அல்லது வகையைச் சொல்கிற பொதுச் சொல்லா? மாமனார் என்பது உறவு. ஊரில் ஆயிரம் பேருக்கு மாமனார் உண்டு. ஆகவே ‘மை ஃபாதர்-இன்-லா’ என்று எழுதும்போது எஃப், ஐ, எல் மூன்றும் சிறியவை. வாக்கியத்தின் தொடக்கமாக இருந்தால் ‘மை’யின் எம் மட்டும் பெரியது.

அப்பாவை ‘ஃபாதர்’ என்றே கூப்பிட்டு, அதையே பெயராக வைத்து எழுதும்போது நிலைமை மாறும். ‘ஐ ஆஸ்க்ட் ஃபாதர்’ என்பதில் எஃப் பெரிய எழுத்து. சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் முருகன் என்று ஒரு பெயரை வைத்துப் பாருங்கள். ‘ஐ ஆஸ்க்ட் முருகன்’ நன்றாக நிற்கிறது, எனவே பெரிய எழுத்து. ‘மை முருகன் இஸ் ஓல்டு’ நிற்கவில்லை, எனவே சிறிய எழுத்து. அம்மா, மாமா, பாட்டி எல்லோருக்கும் இந்தச் சோதனை பொருந்தும்.

இனி உங்கள் மனுவுக்கு வருகிறேன். முகவரியில் ‘தி டிஸ்ட்ரிக்ட் கலெக்டர், கரூர்’ என்று எழுதும்போது நான்கு சொற்களின் முதல் எழுத்தும் பெரியவை. மனுவின் உள்ளே ‘கலெக்டர்’ என்று மட்டும் வருமானால் பழக்கம் இரண்டாகப் பிரிகிறது. ஆங்கில நாளிதழ்கள் பலவும் பெயருக்கு முன்னால் வரும்போது மட்டும் பதவியைப் பெரிய எழுத்தில் எழுதும், தனியாக வந்தால் சிறிய எழுத்துக்கு இறக்கிவிடும். அரசு எழுத்துகள் அப்படிச் செய்வதில்லை. இந்திய அரசமைப்புச் சட்டத்தின் ஆங்கில வடிவத்தைத் திறந்து பாருங்கள், ‘பிரசிடென்ட்’, ‘கவர்னர்’ என்பவை பெரிய எழுத்தோடு வருகின்றன. மனு அரசு அலுவலகத்துக்குப் போவது. எனவே ‘கலெக்டர்’ என்பதில் சி பெரிதாகவே இருக்கட்டும். ‘பென்ஷன்’, ‘ஆஃபீஸ்’ இரண்டையும் சிறிய எழுத்துக்கு மாற்றிவிடுங்கள். திட்டத்தின் முழுப் பெயரைச் சொல்வதானால், ‘இந்திரா காந்தி நேஷனல் ஓல்டு ஏஜ் பென்ஷன் ஸ்கீம்’ என்பதில் ஒவ்வொரு சொல்லுக்கும் பெரிய எழுத்து உண்டு. அது திட்டத்தின் பெயர். ‘ஹிஸ் பென்ஷன்’ என்பது அவர் கைக்கு வருகிற பணம்.

தொடக்க விளியையும் கடைசி வரியையும் பலரும் கவனிப்பதே இல்லை. ‘ரெஸ்பெக்டட் சார்’ என்பதில் ஆர், எஸ் இரண்டும் பெரியவை. ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’ என்பதில் ஒய் மட்டுமே பெரியது, எஃப் சிறியது. மனு நல்லபடி முடிந்து பெரியவருக்குத் தொகை வரட்டும்.

‘ஐ’ எப்போதும் பெரிய எழுத்து, ‘யூ’, ‘வீ’ எல்லாம் சிறியவை. ஆங்கிலேயர் தங்களைப் பெரியவர்களாக நினைத்ததாலா? (ஒன்பதாம் வகுப்பு மாணவி, திருச்சி)

இல்லை, கண்ணு. காரணம் பெருமையில் இல்லை, பேனாவில் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் ‘இச்’ என்பது போல, ஐ, சி என்ற இரண்டு எழுத்தாக இருந்தது. பிறகு கடைசி ஒலி தேய்ந்து ஐ என்ற ஒற்றை எழுத்து மட்டும் மிஞ்சியது. கையால் எழுதிய ஏட்டில் ஒற்றைச் சிறு கோடு தனியாக நின்றால் என்ன ஆகும்? பக்கத்துச் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும், இல்லையென்றால் பேனா தவறிப் பட்ட கீறல் என்று தோன்றும். படிப்பவர் தவறவிடக் கூடாது என்பதற்காக அதை நீட்டி, பெரிதாக எழுதத் தொடங்கினார்கள். 13ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடக்கிலும் நடுப்பகுதியிலும் தொடங்கிய இந்தப் பழக்கம் மெல்ல எல்லா இடத்துக்கும் பரவியது.

பிற மொழிகளைப் பார்த்தால் உன் கேள்வி இன்னும் சுவையாகிறது. ஜெர்மனில் ‘நான்’ என்பதற்கான ‘இஹ்’ வாக்கியத்தின் நடுவில் சிறிய எழுத்துதான். ஆனால் மரியாதையாக ‘நீங்கள்’ என்று சொல்லும் ‘ஸீ’ என்ற சொல்லுக்கு எங்கே வந்தாலும் பெரிய எழுத்து. கரூர் அம்மா தேடிய மரியாதைப் பெரிய எழுத்து உலகத்தில் இருக்கத்தான் செய்கிறது, ஜெர்மனில் இருக்கிறது. ஜெர்மனில் மேசை, நாய், மழை என்று எல்லாப் பெயர்ச்சொல்லும் பெரிய எழுத்தில்தான் தொடங்கும். டேனிஷ் மொழியிலும் அப்படியே இருந்தது. 1948இல் அதைக் கைவிட்டார்கள்.

ஆங்கிலமும் ஒரு காலத்தில் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது. அமெரிக்காவின் 1776ஆம் ஆண்டு விடுதலைப் பிரகடனத்தில் புகழ்பெற்ற அந்த வரியைப் பார்: ‘லைஃப்’, ‘லிபர்ட்டி’, ‘ஹேப்பினஸ்’ மூன்றும் பெரிய எழுத்தோடு இருக்கின்றன, நடுவில் வரும் ‘பர்சூட்’ மட்டும் சிறிய எழுத்து. இன்று நீ பரீட்சையில் அப்படி எழுதினால் ஆசிரியர் வட்டமிடுவார். அவர் செய்வதும் சரியே.

கடவுளைக் குறிக்கும் ‘ஹி’, ‘ஹிம்’ என்பவற்றுக்குப் பெரிய எழுத்து கட்டாயமா? (வாசகர், வேளாங்கண்ணி)

கட்டாயம் இல்லை. ஒரே கடவுளைப் பெயர்போலக் குறிக்கும் ‘காட்’ என்பதில் ஜி பெரியது. ‘ஹி’ என்பதை பக்தியால் பெரிதாக எழுதுவோர் உண்டு, எழுதாதவரும் உண்டு. 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளிலேயே இறைவனைக் குறிக்கும் ‘ஹி’ சிறிய எழுத்தில்தான் இருக்கிறது. எதை எடுத்துக்கொண்டாலும் கடைசி வரி வரை அதையே பின்பற்றுங்கள். கிராமத்துக் கோயில்களில் பல தெய்வங்களைப் பொதுவாகச் சொல்லும் ‘காட்ஸ்’ என்பதில் ஜி சிறியது. அய்யனார், மாரியம்மன் என்று பெயர் சொன்னால் பெரியது.

மூன்றாம் வகுப்பு படிக்கும் மகன் சொல்லுக்கு நடுவில் பெரிய எழுத்தைப் போடுகிறான். எத்தனை முறை திட்டினாலும் திருந்தவில்லை. (விருதுநகர் வாசகி)

முதலில் திட்டுவதை நிறுத்துங்கள். நோட்டை எடுத்து, எந்த எந்த எழுத்து பெரிதாக வந்திருக்கிறது என்று மட்டும் பாருங்கள். இரண்டு வகைத் தவறு இருக்கும். இரண்டுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு.

சி, ஓ, எஸ், வி, டபிள்யூ, எக்ஸ், இசட் ஆகியவற்றில் பெரியதும் சிறியதும் ஒரே வடிவம், உயரம் மட்டும் வேறு. கோடில்லாத தாளில், அல்லது ஒற்றைக் கோட்டு நோட்டில் எழுதும் குழந்தைக்கு எவ்வளவு உயரம் போக வேண்டும் என்பது தெரிவதில்லை. அவனைப் பொறுத்தவரை சரியான எழுத்தைத்தான் எழுதியிருக்கிறான், அளவு மட்டும் வளர்ந்துவிட்டது. இதற்கு மருந்து நான்கு கோட்டு நோட்டு. நடுவில் இருக்கும் இரண்டு கோட்டுக்குள் சின்ன எழுத்து அடங்க வேண்டும், பெரிய எழுத்து மேல் கோட்டைத் தொட வேண்டும் என்று காட்டிக்கொடுங்கள். ஒன்றாம் வகுப்போடு நான்கு கோட்டு நோட்டை மூட்டை கட்டிவிடும் பள்ளிகள் பெருகிவிட்டன. எனக்கு அதில் மிகுந்த வருத்தம். மூன்றாம் வகுப்பு முடியும்வரை அது பையில் இருக்க வேண்டும்.

இன்னொரு வகை ஆழமானது. பந்தைக் குறிக்கும் ‘பால்’ என்ற சொல்லின் முதல் எழுத்தும், நாயைக் குறிக்கும் ‘டாக்’ என்ற சொல்லின் முதல் எழுத்தும் சிறிய வடிவில் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். வயிறு எந்தப் பக்கம் என்று குழம்பும் குழந்தை, தப்பிக்க ஒரு வழி கண்டுபிடிக்கிறது. பெரிய எழுத்தில் அந்த இரண்டும் குழப்பமே தராதவை. ஆகவே சொல்லுக்கு நடுவிலும் பெரியதையே எழுதிவிடுகிறது. மகனின் நோட்டில் இந்த இரண்டு எழுத்துகள்தான் திரும்பத் திரும்பப் பெரிதாக இருக்கின்றன என்றால், அவன் கவனக்குறைவாக எழுதவில்லை, யோசித்து எழுதுகிறான். திட்டினால் அந்த ஒரு வழியையும் அடைத்தவர் ஆவீர்கள்.

எழுதும் திசையைக் கைக்குப் பழக்குங்கள். ‘பால்’ எழுத்துக்கு முதலில் மேலிருந்து கோடு இறங்கும், பிறகு வயிறு வரும். ‘டாக்’ எழுத்துக்கு முதலில் சி போல வளைவு, பிறகு கோடு. மணலிலோ அரிசி பரப்பிய தட்டிலோ விரலால் எழுதச் சொல்லுங்கள். ஒரு வாரம் ஒன்றை மட்டும் எழுதட்டும், இரண்டையும் ஒன்றாகக் கொடுக்காதீர்கள். ஏழு, எட்டு வயது வரை பல குழந்தைகளுக்கு இந்தக் குழப்பம் இயல்பு. அதற்குப் பிறகும் நீடித்து, படிப்பதிலும் தடுமாற்றம் தெரிந்தால் வகுப்பாசிரியரிடம் பேசி, கற்றல் குறைபாடு பற்றித் தெரிந்த சிறப்பாசிரியரிடம் காட்டுங்கள்.

பிளஸ் ஒன் இயற்பியல் தேர்வில் ‘நியூட்டன்’ என்ற அலகில் என்-ஐப் பெரிதாக எழுதியதற்கு மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். நியூட்டன் மனிதர் பெயர்தானே? (மாணவர், நாகர்கோவில்)

மனிதர் பெயர்தான், தம்பி. ஆனால் அலகின் பெயராக அதை முழுதாக எழுதும்போது சிறிய எழுத்து என்பது உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட அளவை முறையின் விதி. நியூட்டன், வாட், ஜூல், ஆம்பியர், கெல்வின் எல்லாம் முழுச் சொல்லாக எழுதும்போது சிறிய எழுத்தில் தொடங்கும். குறியீடாகச் சுருக்கும்போது மட்டும் பெரிய எழுத்து திரும்ப வரும்: என், டபிள்யூ, ஜே, ஏ, கே. மீட்டர், செகண்டு ஆகியவை மனிதர் பெயரிலிருந்து வராதவை என்பதால் அவற்றின் குறியீடும் சிறியதுதான். லிட்டர் மட்டும் விலக்கு. சிறிய எல் எண் ஒன்றைப் போலத் தெரிவதால், 1979 முதல் பெரிய எல்லும் ஏற்கப்படுகிறது. ‘டிகிரி செல்சியஸ்’ என்பதில் சி பெரியது, டி சிறியது. ‘ராமன் எஃபெக்ட்’ என்பது அலகு இல்லை. அதில் ராமனின் ஆர் பெரிதாகவே நிற்கும், எஃபெக்டின் முதல் எழுத்து சிறியது.

இதில் எழுத்து மாறினால் பொருளே மாறிவிடும் என்பதால், குறைத்த மதிப்பெண்ணைக் குறை சொல்ல என் மனம் வரவில்லை. உன் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற கூடங்குளத்தையே எடுத்துக்கொள். முதல் இரண்டு அணுஉலைகளில் ஒவ்வொன்றின் திறனும் 1,000 மெகாவாட். மெகாவுக்குப் பெரிய எம். அதைச் சிறிய எம்மாக எழுதினால் மில்லி ஆகிவிடும். ஆயிரம் மில்லிவாட் என்பது ஒரே ஒரு வாட். அணுஉலை முழுதும் ஒரு குட்டி இரவு விளக்கு எரியக்கூடிய அளவுக்கு இறங்கிவிடும். ஒரு எழுத்தின் உயரம் மாறியதில் நூறு கோடி மடங்கு வித்தியாசம்.

வீட்டு மின்கட்டணத்தில் ‘ஒரு யூனிட்’ என்கிறோமே, அது ஒரு கிலோவாட்-மணி. கே சிறியது, டபிள்யூ பெரியது, ஹெச் சிறியது. கிலோவின் கே-ஐப் பெரிதாக எழுதினால் அது வெப்பநிலையின் கெல்வினைக் குறிக்கும். வேதியியலிலும் கவனம் வேண்டும். சி பெரிதாக, ஓ சிறிதாக எழுதினால் கோபால்ட் என்ற உலோகம். இரண்டையும் பெரிதாக எழுதினால் கார்பன் மோனாக்சைடு, உயிரைக் குடிக்கும் வாயு. உயிரியலில் வேம்பு ‘அசாடிராக்டா இண்டிகா’. பேரினத்தின் ஏ பெரியது, சிற்றினத்தின் ஐ சிறியது. இந்தியாவின் பெயரிலிருந்து வந்த சொல்லாக இருந்தும் அங்கே அது தலைகுனிந்துதான் நிற்க வேண்டும்.

மகள் பள்ளியில் ஃபிரெஞ்சும் ஆங்கிலமும் படிக்கிறாள். கிழமை, மாதப் பெயர்களைச் சிறிய எழுத்தில் எழுதுகிறாள். (புதுச்சேரி வாசகர்)

ஃபிரெஞ்சு நோட்டில் அவள் எழுதுவது சரி. ஃபிரெஞ்சில் கிழமை, மாதம், மொழிப் பெயர் மூன்றும் சிறிய எழுத்து. ஆங்கிலத்தில் மூன்றும் பெரிய எழுத்து. இரண்டு மொழியையும் ஒரே நாளில் படிக்கும் குழந்தைக்கு இது கலந்துபோவது இயற்கை. ஆங்கிலத்தில் பண்டிகைப் பெயர்களும் பெரியவை: பொங்கல், ரம்ஜான், ஈஸ்டர். பருவங்களான ‘சம்மர்’, ‘வின்டர்’, ‘மான்சூன்’ சிறியவை. ‘சம்மர் ஹாலிடேஸ்’ என்பதில் எஸ், ஹெச் இரண்டும் சிறியவை என்பதை அவளிடம் சொல்லுங்கள், பலரும் தவறும் இடம் அது.

எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் எல்லா அறிவிப்பையும் முழுக்க முழுக்கப் பெரிய எழுத்திலேயே அனுப்புகிறார். முக்கியமான செய்தி என்பதால் அப்படி என்கிறார். எங்களுக்குப் படிக்கச் சிரமமாக இருக்கிறது. (சென்னை வாசகர்)

சிரமம் உங்கள் கண்ணின் குறை இல்லை. சிறிய எழுத்தில் எழுதிய சொல்லுக்கு ஒரு வடிவம் இருக்கிறது. சில எழுத்துகள் மேலே நீளும், சில கீழே இறங்கும், சில நடுவில் அடங்கும். பழகிய கண்ணுக்கு அந்த மேடுபள்ளம் உதவுகிறது. பெரிய எழுத்தில் எல்லாச் சொல்லும் ஒரே உயரச் செங்கல் வரிசைபோல ஆகிவிடும்.

பிரிட்டனில் 1950களில் ‘மோட்டார்வே’ எனப்படும் அதிவேக நெடுஞ்சாலைகள் போடத் தொடங்கியபோது இந்தக் கேள்வி பெரிதாக எழுந்தது. அதுவரை அங்கே சாலைப் பலகைகளில் ஊர்ப் பெயர்கள் முழுக்கப் பெரிய எழுத்தில் இருந்தன. ஜாக் கின்னியர், மார்கரெட் கால்வர்ட் என்ற இரண்டு வடிவமைப்பாளர்கள், வேகமாக வண்டி ஓட்டி வருபவர் தூரத்திலிருந்தே சொல்லின் வடிவத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று எண்ணி, முதல் எழுத்து மட்டும் பெரிதாகவும் மற்றவை சிறியதாகவும் அமைத்தார்கள். 1958இல் திறந்த பிரெஸ்டன் புறவழிச்சாலையில் அந்தப் பலகைகள் வந்தன. பிறகு நாடு முழுவதும் அதே முறைதான்.

அமெரிக்காவின் தேசிய வானிலை மையம் 2016 மே 11 முதல்தான் முன்னறிவிப்புகளைச் சாதாரண எழுத்தில் வெளியிடத் தொடங்கியது. அதுவரை எல்லாம் பெரிய எழுத்து. பழைய தொலை அச்சுப் பொறிகளில் சிறிய எழுத்தே கிடையாது. அந்தப் பொறிகள் போன பின்னும் பழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது. மாற்றும்போது அவர்கள் ஒன்றை விட்டுவைத்தார்கள். உயிருக்கு ஆபத்தான எச்சரிக்கையில் முக்கியமான சொற்களுக்குப் பெரிய எழுத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றார்கள்.

உங்கள் செயலாளரிடம் அதையே சொல்லுங்கள். ‘நாளை காலை தண்ணீர் வராது’ என்ற அறிவிப்பில் ‘நோ வாட்டர்’ என்ற இரண்டு சொல்லை மட்டும் பெரிய எழுத்தில் போட்டால் எல்லோர் கண்ணிலும் படும். எல்லாமே பெரிது என்றால் எதுவும் முக்கியமாகத் தெரியாது. அவர் அக்கறையோடு செய்கிறார், அந்த அக்கறை வீணாகக் கூடாது.

வங்கிப் படிவத்திலும் விண்ணப்பத்திலும் பெரிய எழுத்தில் நிரப்பச் சொல்வது வேறு காரணத்துக்காக. கையெழுத்தில் சிறிய எழுத்துகள் ஒன்றோடு ஒன்று கோத்துக்கொள்ளும், என் எது, யூ எது, ஆர் எது என்று தெரியாது. கட்டத்துக்கு ஓர் எழுத்து என்று பெரிதாக எழுதினால் பெயர் பிழையாகப் பதிவாகாது. அங்கே கட்டாயம் அப்படியே நிரப்புங்கள்.

தமிழ் முதலெழுத்தை ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டு, மூன்று எழுத்து வருகிறது. எல்லாவற்றையும் பெரிதாக எழுத வேண்டுமா? (வாசகர், மதுரை)

முதல் எழுத்தை மட்டும். திரு. வி. க. என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது, ‘திரு’வில் டி மட்டும் பெரியது, பின்னால் வரும் நான்கும் சிறியவை. ‘வி’ என்பதில் வி பெரியது, ஐ சிறியது. ‘க’ என்பதில் கே பெரியது, ஏ சிறியது. நம் முதலெழுத்து ஓர் அசை. அதன் ஆங்கில எழுத்துகள் அனைத்தையும் பெரிதாக எழுதினால், ஒவ்வொன்றும் தனித்தனி முதலெழுத்து என்று வெளியூர்க்காரர் படிப்பார். ‘செ’ என்பதற்கு எஸ்-ம் இ-யும் பெரிதாகப் போட்டால், அப்பா பெயர் ஒன்றும் தாத்தா பெயர் ஒன்றும் என்று நினைத்துக்கொள்வார்.

பள்ளிச் சான்றிதழில் எஸ் என்ற ஒற்றை எழுத்துதான் இருக்கிறது என்றால் எல்லா ஆவணத்திலும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் முறைப்படி எழுதும் ஆசை எனக்கும் உண்டு, ஆனால் ஆவணத்துக்கு ஆவணம் பெயர் மாறினால் அலைவது நீங்கள்தான்.

‘சவுத்’ எப்போது பெரியது? (வாசகி, தென்காசி)

திசையாக இருந்தால் சிறியது, இடத்தின் பெயராக இருந்தால் பெரியது. ‘சவுத் இந்தியா’, ‘சவுத் ஆப்பிரிக்கா’ இரண்டிலும் எஸ் பெரியது. ‘தென்காசி மதுரைக்குத் தெற்கே இருக்கிறது’ என்று எழுதும்போது எஸ் சிறியது. ‘ஈஸ்ட் கோஸ்ட் ரோடு’ சாலையின் பெயர், மூன்றுக்கும் பெரிய எழுத்து. ‘தி ரோடு வாஸ் ஃப்ளடட்’ என்றால் ஆர் சிறியது.

வேலைக்கான விண்ணப்பத்தில் படித்த பாடங்களை எப்படி எழுதுவது? (வாசகர், சேலம்)

மொழிப் பெயர்கள் எப்போதும் பெரியவை: தமிழ், இங்கிலீஷ், ஹிந்தி. ‘மேத்தமேட்டிக்ஸ்’, ‘ஹிஸ்டரி’, ‘காமர்ஸ்’ வாக்கியத்துக்குள் சிறியவை. மதிப்பெண் பட்டியல்போல வரிசையாக எழுதினால் எல்லாவற்றையும் பெரிதாக எழுதிக்கொள்ளலாம். பி.எஸ்சி. பட்டத்தில் பி, எஸ் பெரியவை, சி சிறியது. பிஎச்.டி.யில் நடுவில் வரும் ஹெச் சிறியது. ‘பேச்சலர்ஸ் டிகிரி’ என்று பொதுவாகச் சொன்னால் இரண்டு சொல்லும் சிறிய எழுத்து.

மகளின் பெயர் வள்ளி. ஆங்கிலத்தில் எழுதும்போது ‘ள்ளி’ என்பது தெரிய, நடுவில் இரண்டு பெரிய எல் போடலாமா? செல்பேசியில் அப்படி அடித்தால்தான் ‘ள’ வருகிறது. (வாசகி, கோவை)

உங்கள் ஆசையை மதிக்கிறேன். ‘ள’வும் ‘ல’வும் ஒன்றாகிவிடக் கூடாது என்று நினைக்கிறீர்கள், நல்ல தமிழ்ப் பற்று அது. ஆனால் பிறப்புச் சான்றிதழிலும் பள்ளியிலும் வி மட்டும் பெரியதாக, மற்றவை சிறியதாகவே எழுதுங்கள்.

செல்பேசியில் நீங்கள் பார்ப்பது தட்டச்சு வசதிக்கான ஏற்பாடு. கணினியில் வெறும் ஆங்கில எழுத்துகள் மட்டும் கிடைத்த நாளில், இந்திய மொழிகளின் ஒலிகளைப் பிரித்துக்காட்ட வேறு வழி இருக்கவில்லை. சிறிய எல் ‘ல’, பெரிய எல் ‘ள’, சிறிய என் ‘ந’ அல்லது ‘ன’, பெரிய என் ‘ண’ என்று பெரிய எழுத்துக்குப் புது வேலை கொடுத்தார்கள். மொழியியலாளர்களும் சமஸ்கிருத அறிஞர்களும் இந்த வகை முறைகளை இன்றும் பயன்படுத்துகிறார்கள். ஆய்வுக்குள் அது முறையான வழிதான். ஆங்கில வாக்கியத்துக்குள் ஒரு பெயராக வரும்போது நடுவில் நிற்கும் பெரிய எழுத்து தட்டச்சுப் பிழையாகவே தெரியும்.

ஒலியைக் காட்டியே ஆக வேண்டிய இடத்துக்கு அழகான வழி ஏற்கெனவே இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைப் பாருங்கள். ‘ள’வுக்கு எல்லின் கீழே ஒரு புள்ளி, ‘ழ’வுக்கு எல்லின் கீழே ஒரு கோடு, ‘ண’வுக்கு என்னின் கீழே புள்ளி. எந்த எழுத்தின் உயரத்தையும் தொடாமல் தமிழின் ஒலிகள் அத்தனையும் அங்கே பிரிந்து நிற்கின்றன. மகள் வளர்ந்து தன் பெயரை ஒரு நூலின் அட்டையில் அப்படி அச்சிட்டுக்கொள்ளட்டும்.

‘ஐஃபோன்’ என்பதில் முதல் எழுத்து சிறியது. வாக்கியம் அந்தச் சொல்லில் தொடங்கினால்? (வாசகர், ஈரோடு)

இரண்டு பழக்கமும் இருக்கிறது. அமெரிக்கச் செய்தி நிறுவனமான ஏ.பி.யின் நடைக் கையேடு பெரிய எழுத்தாக்கச் சொல்கிறது, சிகாகோ நடைக் கையேடு நிறுவனம் எழுதுகிறபடியே விடச் சொல்கிறது. வாக்கியத்தை ‘தி ஐஃபோன்’ என்று தொடங்கிவிடுங்கள், பிரச்சினை முடிந்தது. ‘இன்டர்நெட்’ பற்றியும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். 2016இல் அதே ஏ.பி. அதைச் சிறிய எழுத்துக்கு மாற்றியது, இன்று பெரும்பாலான இதழ்கள் அப்படியே எழுதுகின்றன. நீங்களும் சிறிய ஐ போடுங்கள்.

செல்பேசியில் ஆங்கிலம் அடிக்கும்போது சம்பந்தமில்லாமல் நடுவில் பெரிய எழுத்து வந்துவிடுகிறது. (வாசகி, தஞ்சாவூர்)

புள்ளியைக் கண்டால் வாக்கியம் முடிந்தது என்று செல்பேசி எடுத்துக்கொள்கிறது. ‘ரூ.’ என்பதற்கான ஆர், எஸ், புள்ளி, ‘எண்’ என்பதற்கான என், ஓ, புள்ளி, ‘எட்செட்ரா’வின் சுருக்கம் ஆகியவற்றுக்குப் பின்னால் ஓர் இடைவெளி விட்டவுடன் அடுத்த எழுத்தைப் பெரிதாக்கிவிடும். விசைப்பலகையின் அமைப்புகளில் தானாகப் பெரிய எழுத்தாக்கும் வசதியை நிறுத்திவைக்கலாம். நிறுத்தினால் வாக்கியத் தொடக்கத்தையும் ‘ஐ’யையும் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். அலுவலகக் கடிதம் எழுதுபவர் என்றால் நிறுத்திவிடுங்கள், கை ஒரு மாதத்தில் பழகிவிடும்.